ஆளில்லாத படங்கள்

அண்ணன் பிறந்தது லால்குடியில். எங்கள் சிறு வயதிலேயே அப்பா காலமாகிவிட, அம்மாவோடு நாங்கள் இருவரும் திருவானைக்காவலில் சித்தப்பா வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். வளர்த்தவர்களைப் பற்றிக் குறை சொல்லக் கூடாதுதான். ஆனால் அண்ணனின் இந்த முதலாண்டு நினைவு மலருக்குத் தங்கை எழுதினால் பொருத்தமாக இருக்கும் என்று கேட்டவர்களும் அவர்களே. எழுதுகிறேன்.

படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு அண்ணன் திருச்சியில் ஒரு ஸ்டூடியோவில் சேர்ந்தார். இதைப் படிக்கும் உறவினர்களில் பாதிப்பேரின் கல்யாணப் படம் அவர் எடுத்ததுதான். அவரை நிற்கவைத்து ஒரு படம் எடுக்க நம் வீட்டில் எவருக்கும் தோன்றவில்லை. விடுமுறை கிடைத்தால் கேமராவைத் தூக்கிக்கொண்டு பச்சைமலைக்குப் போய்விடுவார். பாறைமேல் இறங்கும் மேகம், கோடைக் கொள்ளிடத்து மணல், கரையோரப் பனைகள். கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவில் எத்தனை விதமான சாம்பல் நிறம் உண்டு என்பதை அவர் காட்டித்தான் நான் பார்த்தேன்.

சித்தப்பா ஒவ்வொரு படத்தையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஆள் எங்கப்பா?" என்பார். வீடே சிரிக்கும். அண்ணனும் சிரிப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு கல்லூரி ஆசிரியர் அந்தப் படங்களைப் பார்த்து, கல்லூரி மண்டபத்தில் மாட்டலாம், பெரிதாகப் பிரிண்ட் போட்டுக் கொண்டுவாருங்கள் என்றார். அண்ணனை அவ்வளவு சந்தோஷமாக நான் கண்டதில்லை. பிரிண்ட் போடுவதற்குள் நெஞ்சுநோய் வந்து ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார். நான் துணைக்கு இருந்தேன்.

அண்ணனின் கேமராவில் பிலிம் சுருள் கிடையாது. மருந்து பூசிய கண்ணாடி பிளேட்டில்தான் படம் பதியும். பிளேட் போனால் படமும் போயிற்று. அந்தச் சமயத்தில் சித்தப்பா ஸ்ரீரங்கத்தில் புதுவீடு கட்டிக் குடிபுகுந்தார். சுவாமி படங்களுக்குச் சட்டம் போடக் கண்ணாடி வேண்டியிருந்தது. அண்ணனின் பெட்டியிலிருந்த பிளேட்டுகளை வெந்நீரில் சோடா உப்புப் போட்டு ஊறவைத்துத் தேய்த்துக் கழுவிவிட்டார்கள்.

"எல்லாம் ஆளில்லாத படம்தானேப்பா. கல்யாணப் படம் ஒண்ணக்கூடத் தொடல, தனியா எடுத்து வெச்சிருக்கேன்" என்றார் சித்தப்பா, வீடு திரும்பிய அண்ணனிடம்.

"பரவாயில்லைங்க சித்தப்பா."

அதைத்தான் இன்றுவரை பெருந்தன்மை என்று எல்லோரும் புகழ்கிறீர்கள். அன்று முழுதும் அவர் சாப்பிடவில்லை என்பது எனக்குத் தெரியும். அதன்பிறகு பச்சைமலைப் பக்கம் போகவே இல்லை. உங்கள் வீட்டு விசேஷங்களை எடுத்தார். சென்ற ஆண்டு அதே நெஞ்சுநோயில் போய்விட்டார்.

காரியத்துக்கு வைக்க அவர் படத்தைத் தேடியபோது ஸ்டூடியோ நண்பரிடம் ஒன்று கிடைத்தது. சித்தப்பாதான், தம் வீட்டில் மிச்சமிருந்த கண்ணாடியைப் போட்டுச் சட்டம் அடித்துக் கொடுத்தார். மாலை போடும்போது பார்த்தேன். கண்ணாடியின் மேல் மூலையில் நகத்தளவு கறுப்பு ஒட்டியிருந்தது. பிளேட்டில் வெளிச்சம் கறுப்பாகத்தான் தெரியும். அது கொள்ளிடத்து வானம். அதில் வெள்ளையாய் ஒரு பனையின் தலை.

ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி கொண்டுவந்த அண்டைவீட்டாருக்கும், தோள் கொடுத்தவர்களுக்கும், ஸ்டூடியோ நண்பருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அந்த மூலையைச் சரியாகத் தேய்க்காமல் விட்டவர் யாரென்று தெரியவில்லை. அவருக்கு என் நன்றி.