பஞ்சு மூட்டை

எங்கள் குடும்பத்தில் யாருக்குக் கல்யாணம் நடந்தாலும் பந்தியில் இலை போடுவதற்குள் என் பேச்சு வந்துவிடும். மாமாவுக்கு வந்த நல்ல வரனைக் கலைத்தவள் நான்தானாம். அப்போது எனக்கு ஒன்பது வயது. அதற்கப்புறம் மாமாவுக்கு வேறிடத்தில் கல்யாணமாகி, எங்கள் ஊர் நியூ டவுனில் பன்னிரண்டாவது மாடியில் சௌகரியமாகத்தான் இருக்கிறார். அம்மாவுக்கு மட்டும் என் மேல் கோபம் ஆறவில்லை.

மாமா, அம்மாவின் ஒரே தம்பி, அப்போது கனடாவில் இருந்தார். அங்கே மேற்குப் பக்கம் ஓர் ஆற்றங்கரையில், அந்தக் காலத்துத் தோல் வியாபாரிகள் கட்டிய மரக்கோட்டை ஒன்றை அப்படியே திரும்பக் கட்டிவைத்திருக்கிறார்கள். வேட்டைக்காரர்கள் பீவர் என்ற பிராணியின் ரோமத் தோலைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுக் கம்பளியும் துப்பாக்கியும் வாங்கிப் போவார்களாம். படகு போக முடியாத இடங்களில் சுமையாட்கள் தோல் மூட்டைகளை முதுகில் தூக்கி நடப்பார்களாம். மாமா அந்தச் சுமையாள் வேஷத்தில் நின்று, பார்க்க வருகிறவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்வார். அதுதான் உத்தியோகம். இன்ஜினியரிங் படித்த தம்பியைப் பற்றி அம்மா இதை யாரிடம் போய்ச் சொல்வாள்? கேட்டவர்களிடமெல்லாம் கனடா சர்க்காரில் ஆபீசர் என்று சொல்லிவைத்திருந்தாள்.

லீவில் எங்கள் டாக்குரியா வீட்டுக்கு வந்த மாமா எனக்கு ஒரு போட்டோ கொடுத்தார். இடுப்பில் சிவப்புத் துணி, தலையில் கம்பளிக் குல்லா, முதுகில் நாற்பது கிலோ மூட்டை, அதைத் தாங்கும் தோல்வார் அவர் நெற்றியில். நான் அம்மாவின் துப்பட்டாவை நெற்றியில் கட்டிக்கொண்டு, தலையணைகளைச் சுமந்து ஹாலுக்கும் பால்கனிக்கும் நடந்தேன். மாமா பின்னாலேயே வந்து, நிமிராதே, முன்னால் சாய்ந்து நட என்று திருத்துவார். அப்போது அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை வேறெப்போதும் நான் பார்த்ததில்லை.

ஊரின் இன்னொரு பக்கம், பெஹாலாவுக்குப் பெண் பார்க்கக் கிளம்பிய அன்று அம்மா என் காதைப் பிடித்து, அங்கே வாயைத் திறக்கக் கூடாது என்றாள். சரி என்றேன். பெண் வீட்டாரும் எங்களைப் போல வங்காளத்தில் குடியேறிய தமிழர்கள்தான். சந்தேஷ் இனிப்பு கொடுத்தார்கள். பெண்ணின் அப்பா, மாப்பிள்ளைக்கு அங்கே என்ன வேலை என்று கேட்டார். சர்க்கார், ஆபீசர், நிர்வாகம் என்று அம்மா அடுக்கினாள். மாமா தரையைப் பார்த்தபடி தலையாட்டினார். ஒரு வாரமாக எனக்குக் கோட்டை கோட்டை என்று பாடம் எடுத்த மனுஷன்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாயைத் திறக்கக் கூடாது என்றுதானே சொன்னார்கள், திறக்கவில்லை. கவுன் பாக்கெட்டிலிருந்து போட்டோவை எடுத்துப் பெண்ணின் கையில் கொடுத்தேன்.

அதுவரை தன் தங்கையிடம் மட்டும் வங்காளியில் கிசுகிசுத்துக்கொண்டிருந்த பெண், அதை வெகுநேரம் பார்த்தாள். முகம் மலர்ந்துவிட்டது.

“இது நீங்களா? தினமும் இப்படித் தூக்குவேளா?”

“சேச்சே. ஒரு நாள் பிக்னிக்ல விளையாட்டுக்குப் போட்டுண்டது.”

“மூட்டைல என்ன?”

“பஞ்சு,” என்றார் மாமா.

பஞ்சாம்! அம்மா பெரிதாகச் சிரித்தாள், பெண்ணின் அப்பாவும் சிரித்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பெண் சிரிக்கவில்லை. கிளம்பும்போது மாடிப்படியில் என்னை நிறுத்தி, போட்டோவைத் திருப்பித் தந்தாள்.

“இதைப் பத்திரமா வெச்சுக்கோ. யார் சொன்னாலும் தூக்கிப் போட்டுடாதே.”

பொய்யைக் கண்டுபிடித்துவிட்டுக் குத்திக் காட்டுகிறாள் என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் பதில் வந்தது. பெண்ணுக்கு இஷ்டமில்லை. மூட்டை தூக்குகிற வேஷத்தைக் காட்டினால் எவள் கழுத்தை நீட்டுவாள் என்று அம்மா என்னைப் பிடித்துக்கொண்டாள். மாமா எனக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த வருஷமே கோட்டை வேலையை விட்டுவிட்டு, இங்கே ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் சேர்ந்தார். நானோ பதில் வந்த அன்றைக்கே ஆத்திரத்தில் போட்டோவை நாலாகக் கிழித்துப் பால்கனியிலிருந்து வீசினேன்.

படத்தில் இருந்தவரை அவளுக்குப் பிடித்திருந்தது, எதிரே உட்கார்ந்து பஞ்சு என்று சொன்னவரைத்தான் பிடிக்கவில்லை என்பது எனக்கு அப்போது தெரியவில்லை. தெரிந்திருந்தால் அதைக் கிழித்திருக்க மாட்டேன். மாமாவை அந்த வேலையை விடவும் விட்டிருக்க மாட்டேன்.