மந்திரிச்ச மெழுகுதிரி

கொழும்பு கொட்டாஞ்சேனையில அந்தப் பின்னேரம் சுற்றிவளைப்பு. வேலையால வந்து சேட்டுக்கூடக் கழட்டாத என்ர மனுசனைப் பொலிஸ்காரர் ட்ரக்கில ஏத்திக்கொண்டு போயிட்டாங்கள். அடையாள அட்டையில பிறந்த இடம் யாழ்ப்பாணம். அவங்களுக்கு அது போதும். ஸ்டேசனுக்கு ஓடினன், வாசலிலேயே திருப்பி அனுப்பினாங்கள். வீட்டுக்கு வந்து லைட்டைப் போட்டால் கரண்டும் இல்லை. அந்த வருசம் மழை இல்லையெண்டு ஒவ்வொரு நாளும் வெட்டு. திருஇருதயப் படத்துக்கு முன்னால எந்நேரமும் எரியிற சின்னச் சிவப்பு பல்பும் செத்துக் கிடந்தது. நீருமா என்னை விட்டிட்டுப் போட்டீர் எண்டு படத்தோட சண்டை பிடிச்சன்.

அப்பதான் பக்கத்து வீட்டுச் சிங்கள அக்கா வந்தா. எங்கட கோவில்தான் அவவும். கையில ஒரு நீட்டு மெழுகுதிரி. பார்த்த உடனே தெரிஞ்சுது, மாசியில மாதா திருநாளுக்குக் கோவிலில மந்திரிச்சுக் குடுக்கிறது. எங்கட வீட்டில அதை அலுமாரிக்குள்ள பத்திரமா வைப்பம். ஆருக்கும் கடைசி மூச்சு இழுக்கேக்கதான் கையில பிடிக்கக் குடுக்கிறது. எனக்குப் பத்திக்கொண்டு வந்துது.

"என்ர வீட்டில ஆர் செத்தது? இதைக் கொண்டு போங்கோ அக்கா" எண்டன்.

அவ கோவிக்கேல்லை. தங்கச்சி எண்டதை அவங்கட பாசையில நங்கி எண்டுதான் என்னைக் கூப்பிடுவா. "நங்கி, எங்கட வீட்டில இடி முழங்கினாலும் இதைத்தான் பத்த வைக்கிறது. பயமான நேரத்துக்குத்தானே ஆண்டவர் தந்தது" எண்டு தனக்குத் தெரிஞ்ச தமிழில சொல்லி, ஜன்னல் ஓரம் கொளுத்தி வைச்சா. பிறகு கதிரையில குந்திக்கொண்டு செபமாலையை எடுத்தா. அவ சிங்களத்தில ஒரு பாதி சொல்ல, நான் தமிழில மறுபாதி. மெழுகு உருக உருக என்ர வாயும் அடங்கிச்சு. பயம் போகேல்லை. ஆனால் ஆண்டவரும் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு எங்களோட இருக்கிற மாதிரி ஒரு ஆறுதல்.

திரி பாதி எரியேக்க இவர் வந்தார். சேட்டில பட்டன் இல்லை, ஆள் முழுசு. "ஒழுங்கை முழுக்க இருட்டு. எங்கட ஜன்னல் மட்டும் தெரிஞ்சுது. அதைப் பார்த்துக்கொண்டுதான் நடந்தனான்" எண்டார். அக்கா திரியை அணைச்சு, மிச்சத்தை என்ர கையில தந்திட்டுப் போனா. அந்த நன்றியை நான் எந்த வாயால சொல்ல?

நாட்டில சண்டை முடிய முன்னமே அக்கா படுக்கையில விழுந்திட்டா. கடைசி நாள் அவவின்ர மகள் மெழுகுதிரி தேட, நான் ஓடிப்போய் அலுமாரியில இருந்த அந்தப் பாதியைக் கொண்டு வந்தன். அவவின்ர விரல்களை என்ர கையால பொத்திப் பிடிக்க, மகள் கொளுத்தினா.

அக்கா கண்ணைத் திறந்து வெளிச்சத்தைப் பார்த்தா. "இடிக்கா, நங்கி?" எண்டு கேட்டா.

"ஓம் அக்கா, இடிக்குத்தான்" எண்டன்.