மலை கொடுத்த மதிப்பெண்

மூன்று வருடங்களுக்கு முன்பு, தர்மபுரி மாவட்டத்து மலைக் கிராமம் ஒன்றில் அரசு டாக்டராக இருந்தேன். ஊர்ப் பெயர் வேண்டாம். அரூரில் பஸ் ஏறினால், வளைந்து வளைந்து போய்ச் சேருவதற்குள் குடல் வாய்க்கு வந்துவிடும்.

சேவை செய்யவெல்லாம் நான் மலை ஏறவில்லை. அறுவை சிகிச்சை மேற்படிப்பில் ஒரு சீட்டுக்கு எத்தனை பேர் முட்டி மோதுகிறோம் என்பது டாக்டர்களுக்குத்தான் தெரியும். மலையில் வேலை பார்க்கும் அரசு டாக்டருக்கு நுழைவுத் தேர்வில் கூடுதல் மதிப்பெண் உண்டு. இரண்டு முறை எழுதிக் கோட்டை விட்டவள் நான். அந்த மதிப்பெண்ணுக்காகவே மலையைக் கேட்டு வாங்கினேன்.

தேர்வு நெருங்கியதும், என்னைப் போன்ற சிலர் செய்வதை நானும் செய்தேன். திங்கட்கிழமை போய் வருகைப் பதிவேட்டில் வாரம் முழுவதற்கும் கையெழுத்துப் போட்டுவிட்டு, அதியமான்கோட்டையில் எங்கள் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு படிப்பேன். "நீங்க போயிப் படிங்க மேடம், இங்க நான் பாத்துக்கறேன்" என்று அங்கிருந்த நர்ஸ் அக்காவே அனுப்பி வைப்பார். அவர்மேல் தப்பில்லை.

ஒரு புதன்கிழமை மத்தியானம், சிக்னல் கிடைக்கும் மேட்டுக்கு ஏறிப் போய் அவர் போன் செய்தார். பிளஸ் டூ படிக்கும் பெண்ணாம். பொதுத்தேர்வுக்குப் படிக்க ஹாஸ்டலிலிருந்து வீட்டுக்கு வந்தவள். தொப்புளைச் சுற்றி வலி, இரண்டு முறை வாந்தி, லேசாகக் காய்ச்சல்.

"ஒருதடவ வந்து பாக்கறீங்களா மேடம்? இல்லீனா கீழ ஆஸ்பத்திரிக்கு அனுப்பிரட்டுங்களா?"

"கேஸ் டிரபிளாத்தான் இருக்கும்க்கா. வலிக்கு ஒரு ஊசி போட்டு வூட்டுக்கு அனுப்புங்க, நாளைக்குப் பாக்கலாம்" என்றேன். அரை நிமிடம்கூடப் பேசவில்லை. குடல்வால் வீக்கம் இப்படித்தான் ஆரம்பிக்கும் என்பது மருத்துவக் கல்லூரி மாணவனுக்கே தெரியும். எனக்கும் தெரியும். புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து போக மனமில்லை, அவ்வளவுதான்.

ஊசியில் வலி அடங்கியதால் வீட்டில் நிம்மதியாக இருந்துவிட்டார்கள். இரண்டாம் நாள் குடல்வால் வெடித்து, வயிறு முழுக்கச் சீழ் பரவி, ஆம்புலன்சில் கீழே கொண்டுபோனார்கள். பெரிய ஆபரேஷன். நல்லவேளை, பிழைத்துக்கொண்டாள். பொதுத்தேர்வு நடந்த நாட்களில் அவள் வயிற்றில் குழாயோடு படுத்திருந்தாள். நான் போய் என் தேர்வை எழுதிவிட்டு வந்தேன்.

சீட் கிடைத்தது. மலை மதிப்பெண் இல்லாவிட்டால் நிச்சயம் கிடைத்திருக்காது. அப்பா ஹைவே ஓரத்தில் என் படத்தைப் போட்டு பேனரே கட்டிவிட்டார்.

மலையில் என் கடைசி நாளன்று, அந்தப் பெண்ணின் அப்பா ஒரு பை சாமையோடு வந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நினைத்தேன். சண்டைக்கு வந்திருந்தால் எவ்வளவோ தேவலை.

"மேல்படிப்புக்கு சீட்டு கெடச்சிருச்சாமேங்க டாக்டரம்மா, ரொம்ப சந்தோசம்ங்க. அன்னிக்கி நீங்க போன்ல சொல்லி ஊசி போடவுந்தான் எம்புள்ள உசுரு நின்னுச்சு."

பொண்ணு மறுபடி தேர்வு எழுதினாளா என்று கேட்டேன்.

"இல்லீங்க. நர்சுக்குப் படிக்கோணும்னு சொல்லிட்டுக் கெடந்தா. அதுக்கப்பறம் புக்கத் தொடவே இல்லீங்க. இப்ப ஓசூர்ல கம்பெனிக்குப் போறா." கொஞ்சம் தயங்கிவிட்டு, "அடுத்த டாக்டர் எப்பங்க வருவாங்க?" என்றார்.

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் பதிவேட்டைப் புரட்டுவார்கள், மலையில் வேலை பார்த்ததற்கான சான்றிதழ் போகும், சீட் போகும் என்று அந்த ஒரு நொடிக்குள் மனசு கணக்குப் போட்டு முடித்துவிட்டது. "சீக்கிரம் வருவாங்க" என்று சொல்லி, சாமைப் பையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். சீ, என்ன பிறவி நான் என்று வழியெல்லாம் என்னையே திட்டிக்கொண்டு பஸ்ஸில் இறங்கி வந்தேன்.

இப்போது பயிற்சியில் இருக்கிறேன். வயிற்றுவலி என்று யார் வந்தாலும், வயிற்றில் கைவைத்துப் பார்க்காமல் ஒரு ஊசிகூட எழுதுவதில்லை. சீனியர்கள் அதைப் பொறுப்பு என்று பாராட்டும்போதெல்லாம், அது பொறுப்பல்ல, அந்த அப்பாவிடம் சொல்லாமல் விழுங்கிய உண்மை என்று வாய்வரை வந்தும், இன்றும் சொல்லாமலேதான் நிற்கிறேன்.