காஜா மொய்தீன் பாயின் தகரப் பலகை

விடிகாலையில் புதுச்சேரி பஸ்ஸிலிருந்து பேப்பர் கட்டு இறங்கியதும் காஜா மொய்தீன் பாய் முதலில் பிரிப்பது மூன்றாம் பக்கத்தைத்தான். சினிமா விளம்பரத்துக்குக் கீழே 'அடையாளம் தெரியாத ஆண் பிணம்' என்று இரண்டு வரி இருந்தால் படிப்பார். பிறகு மல்லாட்டைக் கடலைக் கூடையோடு நிற்கும் என்னிடம் சொல்வார்: "இன்னைக்கும் உன் தம்பி சாவல. போயி யாவாரத்தப் பாரு, சவுரியம்மா."

நான் கேட்டுக்கொண்டதில்லை. புதுச்சேரித் துறைமுகத்துக்கு மூட்டை தூக்கப் போன தம்பி சின்னதுரையைக் காணோம் என்றதிலிருந்து அவராகவே செய்தார்.

பாய் கோட்டக்குப்பத்துக்காரர். திண்டிவனம் பஸ் நிலையத்தில் பேப்பர் கடை. புதுச்சேரியில் எந்தப் பத்திரிகை பிறந்தாலும் அவர் கடையில் அதன் பேர் எழுதிய ஒரு தகரப் பலகை ஏறும். அடுத்த தீபாவளிக்குள் பத்திரிகை நின்றுபோய்விடும். "அந்தத் துறைமுகத்துல கப்பலு முழுவுனதவிட பேப்பரு முழுவுனதுதான் ஜாஸ்தி. இதுங்களுக்கும் ஒரு கல்லறத் தோட்டம் வேணும்" என்பார்.

எண்பத்தைந்தில் ஒரு நாள். முதல் பக்கம் முழுக்க ஒரு சாராய முதலாளியின் பிறந்தநாள். மூன்றாம் பக்கத்தைப் படித்த பாய் கடையைச் சாத்தினார். வலது கையில் பச்சை குத்திய சிலுவை, இடது காது மடல் பாதி இல்லை, கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டத்தில் நகராட்சி அடக்கம் செய்தது என்று இருந்தது. சின்ன வயதில் சின்னதுரையை நாய் கடித்த காது அது.

இருவரும் புதுச்சேரிக்குப் போனோம். காவல் நிலையத்தில் காட்டிய சட்டையில் நான் தைத்த பொத்தான் இருந்தது.

ஆண்டவர் முன்னால் எல்லாரும் சமம் என்பார் எங்கள் மாதா கோயில் சாமியார். அந்தக் கல்லறைத் தோட்டத்தை அவர் பார்த்ததில்லை போலும். வெள்ளைக்காரத் துரைகளுக்குப் பளிங்கு, முன்வரிசை. என் தம்பிக்குச் சுவரோரம் ஒரு குச்சி. பேர் எழுதிய சிலுவை வைக்கவேண்டும் என்றேன்.

கல்லறைக் காவலாளி ஒப்பவில்லை. "அடையாளம் தெரியாதவருன்னு பேப்பருலயே போட்டாச்சும்மா. பேப்பருல பேரு வரட்டும், வச்சிக்கோ."

பத்திரிகை ஆபீசுக்குப் போனோம். மேசையில் இருந்தவர் பொறுமையாக விளக்கினார்: "பேரு தெரியாத பொணம்னா செய்தி. பேரு தெரிஞ்சா விளம்பரம். பணம் கட்டணும்."

"சாவறதுக்கு முன்னாடியே சொல்லியிருந்தீங்கன்னா சாராய முதலாளியா செத்திருப்பானே சார்" என்றார் பாய்.

திண்டிவனம் திரும்பியதும் அந்தப் பத்திரிகையின் தகரப் பலகையைக் கழற்றினார். மேலே 'துறைமுகச் சங்கு' என்ற கொட்டை எழுத்தை விட்டுவிட்டு, கீழே வெள்ளையடித்து, 'சின்னதுரை, திண்டிவனம்' என்று எழுதினார். நான் ஒரு மரச்சிலுவை செய்வித்தேன். பாய் பலகையை அதில் ஆணியடித்து, காவலாளியிடம் காட்டினார்.

"பேப்பருல வந்திடுச்சு பாரு. நட்டுக்கலாமா?"

காவலாளி மேலெழுத்தைப் படித்தார். கீழெழுத்தையும் படித்தார். "இத மின்னாடியே செஞ்சிருக்கக் கூடாதா? என்னாத்துக்கு இத்தினி பேஜாரு" என்று மண்வெட்டி கொடுத்தார்.

மூன்று மாதத்தில் துறைமுகச் சங்கும் நின்றுபோனது. அதன் சாவை எந்தப் பத்திரிகையும் போடவில்லை. ஆனால் கல்லறை மட்டும் அதற்குக் கிடைத்துவிட்டது, என் தம்பி தலைமாட்டில்.

எண்பத்தேழில் பாயை அவர் மகன் குவைத்துக்கு அழைத்துக்கொண்டான். வழியனுப்பப் போனேன். மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றும்போது உங்களுக்கும் ஒன்று ஏற்றுகிறேன் என்றேன். தலையாட்டிக்கொண்டே பஸ் ஏறியவர், ஜன்னல் வழியாகச் சொன்னார்:

"இனிமே மூணாம் பக்கத்த நீயே பாத்துக்கினு இரும்மா. எம் பேரு போட்டு வந்தா நம்பாத, யாராச்சும் பணம் கட்டியிருப்பாங்க. பேரில்லாம வந்தா மட்டும் கொஞ்சம் உத்துப் பாரு."