ஜித்ரா வயலோரம் நின்றுவிட்ட புள்ளி

என் கணவர் லோரி ஓட்டுகிறார். கூலிம் தொழிற்சாலைகளில் ஏற்றும் பெட்டிகளை நாட்டின் வடக்கு எல்லையில் இறக்கிவிட்டுக் காலி வண்டியோடு திரும்புவார். பாடாங் செராயில் என் தையல் கடையில் அமர்ந்தபடி, கைப்பேசி வரைபடத்தில் அவர் நீலப் புள்ளியாக ஊர்ந்து வருவதைப் பார்ப்பேன். அதை அமைத்துத் தந்தவள் மகள்.

"மேலேருந்து அப்பாவப் பாக்குதா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"இல்லம்மா. சாட்டிலைட்டுங்க சிக்னல் மட்டும் அனுப்பும். அத வாங்கி, தான் எங்க இருக்குன்னு போனே கண்டுபிடிக்குது. அததான் நமக்கு அனுப்புது."

யாரையும் பார்க்காமல் சுற்றிக்கொண்டிருக்கும் அவற்றை நினைத்தால் மனம் எங்கோ மிதக்கும். ஊசியில் நூல் கோக்க மறந்து அமர்ந்திருப்பேன்.

ஒரு மதியம் ஜித்ராவுக்கு அருகில் புள்ளி நின்றது. ஒரு மணி நேரமாகியும் நகரவில்லை. அழைத்தேன், மணி அடித்து அடித்து ஓய்ந்தது. கடையைப் பூட்டிவிட்டுக் காரை எடுத்தேன். நெடுஞ்சாலை முழுக்க வெயில். வரைபடத்தில் என் புள்ளி அவர் புள்ளியை மெல்ல நெருங்கியது. 

டோல் சாவடியைத் தாண்டிச் சிறு சாலையில் திரும்பியதும் லோரி தெரிந்தது. உள்ளே கைப்பேசி மட்டும் கிடந்தது. பயந்துபோய் வயலோர வாய்க்கால் பக்கம் ஓடினேன். மரத்தடிப் புல்லில் செருப்பைத் தலைக்கு வைத்து அவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"நீயா? கடைய என்ன செஞ்சே?"

"பூட்டிட்டு வந்தேன் லா! போன எடுக்கலன்னா நான் என்னன்னு நினைக்கிறது?"

எழுந்து உட்கார்ந்து வயலைக் காட்டினார். நடவுக்குத் தண்ணீர் தேக்கியிருந்தார்கள். கரையிலிருந்து கரை வரை மேகங்கள் கிடந்தன.

"இத்தன வருசமா இந்தப் பக்கம் போறேன், நின்னு பாத்ததே இல்ல. அஞ்சு நிமிசம்னு இறங்கினேன். கண்ணு சொருகிருச்சு."

திட்டத்தான் வாய் திறந்தேன். அழுகை வந்துவிட்டது. அவர் என் கையைப் பிடித்து அருகில் உட்கார வைத்தார். ஒரு கொக்கு மேகத்துக்குள் கால் வைத்து நடந்து போனது. 

திரும்பும்போது குருண் தாண்டியதும் மழை பிடித்தது. லோரியின் சிவப்பு விளக்குகளைத் தொடர்ந்து ஓட்டி வீடு வந்தேன்.

"ரெண்டு பேரும் எங்க போனீங்க?" என்றாள் மகள்.

"சும்மா, ஜித்ரா வரைக்கும்" என்றார் அவர். நான் சிரித்துவிட்டேன்.