என் கையால் வைத்த பொங்கல்

இதை எழுதப் பல வருடங்கள் தயங்கினேன். எனக்கு இரண்டு கைகளிலும் வெண்படை. மலேசியாவில், லிங்கி பக்கம் எங்கள் தோட்டத்து மாரியம்மனுக்கு வெள்ளிதோறும் சர்க்கரைப் பொங்கல் நான்தான் வைப்பேன். வீட்டுக்காரர் அதைக் கோயிலுக்குக் கொண்டுபோய், தாமே செய்ததாகச் சொல்லிக் கொடுப்பார். என் கை பட்டது தெரிந்தால் யாரும் வாயில் வைக்கமாட்டார்கள் என்று எனக்குப் பயம்.

ஒரு வெள்ளி அவருக்குக் காய்ச்சல். பானையை நானே கொண்டுபோனேன். பூசை முடிந்ததும், முந்தானையால் கைகளை மூடிக்கொண்டு பானையருகே நின்றேன். எதிர்வீட்டுப் பெண் தட்டை நீட்டினாள்.

"என்னக்கா, சும்மா நிக்கிறீங்க? போடுங்க லா, பசிக்குது."

"அண்ணன் செஞ்சதும்மா…"

"அண்ணனா? அவருக்குச் சுடுதண்ணி வைக்கவே தெரியாது! உங்க கைப்பக்குவம் எங்களுக்குத் தெரியாதா? எத்தன வருசமா சாப்புடுறோம்!"

வரிசையே சிரித்தது. தெரிந்தேதான் சாப்பிட்டிருக்கிறார்கள்! ஆத்தாளும் தெரிந்தேதான் ஏற்றுக்கொண்டிருக்கிறாள். என் கையை ஒதுக்கி வைத்தவள் நான் ஒருத்திதான். முந்தானையை விட்டுவிட்டுக் கரண்டியை எடுத்தேன்.

இதைப் படிப்பவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள், நடந்தபடியே சொல்லுங்கள். அம்மன் அருளால் கை குணமாகிவிட்டது என்று மட்டும் சேர்த்துவிடாதீர்கள். வெண்படை அப்படியேதான் இருக்கிறது.