துரை வாங்கிவந்த வைக்கோல் தொப்பி

இலங்கையில், கஹவத்தைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் துரை பங்களாவின் சமையற்காரன் ஏழுமலை, இத்தாலிக்குப் போய் வந்தவன். அப்படிச் சொன்னால் அவனுக்கே சிரிப்பு வரும். சோற்றுப்பானை போனது, அதைத் தூக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

தோட்டத்துக்கு வந்த நாளிலிருந்து சோற்றையும் கறியையும் திட்டித் திட்டியே தின்ற துரைக்கு, சீமை லீவு வந்ததும் அவற்றை விட்டுப் போக மனம் வரவில்லை. ஏழுமலையையும் கப்பலேற்றினார். ஒழுங்காக நடந்துகொண்டால் மருதாயியை மலையிலிருந்து இறக்கிப் பங்களா வேலையில் போடுவதாக வாக்குக் கொடுத்தார். மருதாயி ஏழுமலையின் பெண்சாதி. மழைக்காலத்தில் கொழுந்தெடுத்துவிட்டு வந்து, கூலிச் சனங்கள் குடியிருக்கும் லயத்து வாசலில் உட்கார்ந்து கால் முழுக்க அட்டை பிடுங்குகிறவள். அந்த ஒரு வாக்குக்காக ஏழுமலை இத்தாலி என்ன, எமலோகத்துக்கே அடுப்பைத் தூக்கிக்கொண்டு போயிருப்பான்.

பெரிய பட்டணங்களில் தங்கினால் சத்தமாம், செலவாம். அதனால் எம்பொலி என்ற சிற்றூரில் வீடெடுத்தார்கள். அங்கிருந்து ரயிலேறினால் ஒருநாள் பிளாரன்ஸ், ஒருநாள் பீசா, ஒருநாள் சியனா என்று பழைய நகரங்களைப் பார்த்துவிட்டுப் பொழுது சாயத் திரும்பிவிடலாம். தோட்டத்தில் ஈ காக்கை இல்லை என்று இத்தனை வருஷமாக அழுத மனுஷன், கடல் தாண்டிப் போய் அங்கேயும் ஈ காக்கை இல்லாத ஊராகத் தேடிப் பிடித்தது ஏழுமலைக்கு விளங்கவேயில்லை.

துரையும் துரைசாணியும் புத்தகத்தை விரித்துக்கொண்டு கோயில் கோயிலாக நுழைவார்கள். ஏழுமலை டிபன் கேரியரோடு வாசலில் நிற்பான். பீசாவில் சாய்ந்த கோபுரத்தை அவன் அண்ணாந்து பார்க்கத் தொடங்கியபோது துரைக்குப் பசி வந்துவிட்டது.

எம்பொலியில் முதல் நாளே ஒரு கூத்து. தொப்பி வைத்த வெள்ளைக்காரன் எதிரே வந்தால் தலைப்பாகையை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கி, பாதையை விட்டு, ஓரத்தில் தண்ணீர் ஓடும் கானில் இறங்கி நிற்க வேண்டும் என்பது தோட்டத்துச் சட்டம். எம்பொலிக் கடைத்தெருவிலோ வருகிறவனெல்லாம் வெள்ளைக்காரன், தலைக்குத் தலை தொப்பி. காய்கறி வாங்கப் போன பாவி மனுஷன், காலைப்பொழுது முழுக்கச் சாக்கடைக்குள்ளேயே நின்றான். கடைசியில் ஒரு தொப்பிக்காரன் துடைப்பத்தோடு வந்து, காலை எடு என்று சைகை காட்டிவிட்டுச் சாக்கடையைக் கூட்டினான். ஏழுமலைக்குத் தலை சுற்றியது.

அதற்குப் பிறகு ரயில் ஜன்னலில் அவன் தேடிப் பார்த்ததெல்லாம் வேலை செய்கிற வெள்ளைக்காரர்களைத்தான். திராட்சைத் தோட்டங்களில் வெள்ளைக்காரிகள் வைக்கோல் தொப்பியும் கூடையுமாகக் குனிந்து பழம் பறித்தார்கள். பின்னால் ஒருவன் நின்று கத்தினான். பாஷை தெரியாமலே அது ஏழுமலைக்குப் புரிந்தது. கங்காணிக்கு எல்லா ஊரிலும் ஒரே வாய்தான். அடுத்தவர் கஷ்டத்தைப் பார்த்துச் சந்தோஷப்படக் கூடாதுதான். ஆனாலும் அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது.

அந்தத் தொப்பி துரையின் கண்ணிலும் பட்டிருந்தது. பிளாரன்ஸ் சந்தையில் அதே மாதிரி ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு, பழங்கால நாகரிகம் என்று துரைசாணியிடம் பெருமையடித்தார்.

தோட்டத்துக்குத் திரும்பிய மறுநாள், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் சனங்கள் கூடியிருக்கையில், அந்தத் தொப்பியோடு வந்து ஏழுமலையை முன்னால் நிறுத்தினார். "வெள்ளைக்காரன் ஊர் எப்படி? சொல்லு!"

ஏழுமலை மருதாயியைப் பார்த்தான். பளிங்குக் கோயில், தங்கக் கதவு, வானத்தை முட்டும் கோபுரம் என்று அளந்தான். துரை பூரித்துத் தலையாட்டினார். பங்களா வேலை கைக்கு வந்துவிட்டது என்றே நினைத்தான்.

அப்போது மருதாயியே வாயைத் திறந்தாள். "ஏங்க, அம்புட்டுப் பெரிய ஊர யாருங்க கூட்டுறது? அங்கயும் நம்ம ஆளுங்களத்தான் கொண்டு போயிருக்காங்களா?"

ஆயிரம் பொய்க்குத் தயாராக நின்றவனுக்கு அவளிடம் ஒரு பொய்கூட வரவில்லை. "இல்ல புள்ள. வெள்ளைக்காரன்தான் கூட்டுறான். வெள்ளைக்காரிங்க கூடையத் தூக்கிக்கிட்டுப் பழம் பறிக்கிறாங்க, கங்காணிகிட்ட ஏச்சு வாங்குறாங்க. தலையில..." என்றவன், துரையின் தலையைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

களமே துரையின் தலையைப் பார்த்தது. யாரோ களுக்கென்றார்கள். அப்புறம் அடக்க முடியவில்லை. துரைக்குத் தமிழ்தான் அரைகுறை; சிரிப்பு நன்றாகவே புரிந்தது.

அன்றே ஏழுமலையைக் குசினியிலிருந்து துரத்தி, கான் வெட்ட மலைக்கு அனுப்பினார்கள். "என் வாயால கெட்டுச்சே புள்ள, ஒன்ன எறக்க முடியலையே" என்று சொல்லி லயத்தில் அழுதான். மருதாயி அவன் காலிலிருந்தும் அட்டை பிடுங்கினாள்.

சில நாள் கழித்து நல்ல மழையில், அவர்கள் வேலை செய்த மலைப்பாதையில் துரை வந்தார். வீம்புக்கு அதே தொப்பி. வழக்கம்போல எல்லாரும் கானில் இறங்கினார்கள். மருதாயியும் இறங்கி, பக்கத்திலிருந்தவர்களை முழங்கையால் தள்ளினாள்.

"நவுந்து நில்லுங்க. அவருக்கும் எறங்க எடம் வேணும்ல? பாவம், அந்தத் தொப்பியப் போட்டுக்கிட்டு அவரும் கொழுந்தெடுக்கத்தானே வர்றாரு!"

தான் வெட்டிய கானில், முழங்கால் தண்ணீரில் நின்றபடி, மழைக்குப் போர்த்தியிருந்த கம்பளியை வாயில் திணித்துக்கொண்டு ஏழுமலை சிரித்தான்.